இஸ்திரி வண்டியில் அடித்த போன்

பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது என் செல்போன் அடித்தால் மந்தைவெளி எரிந்துபோகும் என்று ஏறத்தாழ இருபது வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். மந்தைவெளி என்பது குறைந்தபட்சம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து லஸ் முனை வரைக்கும் தீ போகலாம் என்று மனதுக்குள் ஒரு வரைபடமே வைத்திருந்தேன். எங்கள் வீடு சாந்தோமில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் வீடு தப்பித்துவிடும். நான்தான் தப்பிக்க மாட்டேன். மறுநாள் பேப்பரில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வரும், அதில் என் காது கோணலாகத் தெரியும் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறேன்.

இதில் கூடுதலாக வெட்கப்பட ஒரு காரணம் உண்டு. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிற வாத்தியார். எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பாதே என்று வருடா வருடம் ஜூன் மாதம் முதல் வகுப்பில் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்கிறவன். பங்க்கில் போன் வெடிக்கும் என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு மின்னஞ்சல். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது. தீப்பிடித்த கார் படம் ஒன்று, அதன் கீழே பெரிய எழுத்தில் எச்சரிக்கை, அதன் கீழே இதைப் பத்துப் பேருக்கு அனுப்பும்படி உத்தரவு. நான் பத்துப் பேரோடு நிற்கவில்லை. அச்செடுத்து, ஸ்டாஃப் ரூம் போர்டில் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

அந்தக் காலத்தில் நான் மட்டும் பைத்தியம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரே அப்படித்தான் இருந்தது. பங்க் வாசலிலேயே செல்போன் மீது சிவப்புக் கோடு போட்ட போர்டு. உள்ளே யாராவது போனைக் கையில் எடுத்தால் பெட்ரோல் போடுகிறவர், காற்று பிடிக்கிறவர், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் சேர்ந்து பாய்வார்கள். பீடி பிடித்துக்கொண்டு வருகிறவனைக்கூட அவ்வளவு திட்ட மாட்டார்கள்.

பாய்ந்தவர்களில் நானும் ஒருவன். தி.நகரில் ஒரு பங்க். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்பதால் வரிசை தெருவரை நின்றது. எனக்கு முன்னால் பைக்கில் இருந்த ஒருவர், ஒல்லியான ஆள், சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

“யோவ், போனைக் கீழ வைய்யா!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்து, “ஆஸ்பத்திரியில இருந்து சார், ஒரே நிமிஷம்” என்றார்.

“நீ பேசி முடிக்கறதுக்குள்ள நாங்க எல்லாரும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்” என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். அந்த மனிதர் போனை அணைத்துவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவர் போன இடத்தில் என் வண்டியை நகர்த்தினேன். ஒரு ஆள் முன்னேறிவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அப்போது இருந்தது.

என் பயம் மட்டும் போனை அணைப்பதோடு நிற்கவில்லை. அணைத்த போனும் ஆபத்து, பேட்டரி உள்ளேதானே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதையும் நம்பினேன். அன்றிலிருந்து போனை பங்க்குக்குள்ளேயே கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். எங்கே வைப்பது? மந்தைவெளியில் நான் வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்க்கின் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அங்கேதான் போகும். வண்டிக்காரம்மாவுக்குக் கிட்டத்தட்ட என் வயது. அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவது, பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து திருப்பி வாங்கிக்கொள்வது. இதுவே ஏற்பாடு. சில நாள் அவர் கையில் கொடுப்பேன். வேலையாக இருந்தால் தேய்த்து அடுக்கிய துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன்.

“நீ போய் ஊத்திக்கினு வா வாத்தியாரே. நான் பாத்துக்கினு கீறேன்” என்பார்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்த அம்மாவின் இஸ்திரிப் பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அவ்வப்போது பெட்டியைத் திறந்து விசிறுவார். பொறி பறக்கும். வெடிக்கக்கூடாது என்று நான் கொண்டுபோய் வைத்த போனுக்கு ஒரு முழம் தள்ளி நெருப்பு. பங்க்குக்கும் அந்த நெருப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர். ஒருநாளும் அதைப் பார்த்து எனக்கு வியர்த்ததில்லை. பிறகு கரி விலை ஏறிவிட்டது என்று அவர் கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறினார். வண்டிக்கு அடியில் சிலிண்டர். அதன் மேலே துணி. துணிக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக என் போன்.

வகுப்பில் ஒரு பெண் இதே மாதிரி ஒன்றைக் கேட்டேவிட்டாள். மின்பொறி பற்றிய பாடம். நான் உற்சாகத்தில் பங்க், போன் என்று உதாரணம் எடுத்துவிட்டேன். அவள் எழுந்து, “சார், உங்க ஸ்கூட்டர்ல ஸ்பார்க் ப்ளக்குன்னு ஒண்ணு இருக்குமே சார்? பெட்ரோல் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிதானே வெளிய வருவீங்க?” என்றாள்.

நான் சாக்பீஸை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன்.

“நல்ல கேள்வி” என்றேன். “பரீட்சைக்கு வராது. உக்காரு.”

அதற்குள் ஊரும் மாறிக்கொண்டிருந்தது. யாரும் அறிவிப்புச் செய்து மாறவில்லை. முதலில் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே பேசினார்கள். பிறகு கண்ணாடியை ஏற்றுவதையும் விட்டார்கள். பிறகு ஒருநாள் பார்க்கிறேன், பெட்ரோல் மெஷின் மேலேயே போனில் பணம் கட்டுவதற்கான கறுப்புவெள்ளைக் கட்டத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சாண் மேலே, வெயிலில் வெளுத்துப்போன பழைய செல்போன் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. போர்டு வேண்டாம் என்கிறது, மெஷின் வா என்கிறது. நடுவில் நின்று பெட்ரோல் போடும் பெண், “ஸ்கேன் பண்ணிக்கோங்க சார்” என்று மைக் இல்லாத குறையாகச் சொல்கிறாள்.

“கேஷ்தாம்மா” என்பேன்.

“கேஷா?” என்று அவள் கேட்கிற விதத்தில், நான் பண்டமாற்றுக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவந்தது போல இருக்கும். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். சில்லறை தேட இரண்டு நிமிடம். முன்பு போனை எடுத்தவனைப் பார்த்த அதே பார்வையை இப்போது போன் இல்லாத என் மேல் வீசினார்கள். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர், “போன் இல்லையா சார்?” என்று உண்மையான பரிதாபத்தோடு கேட்டார். வெளியே இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவிக்கு இது தீராத வேடிக்கை. “எங்க வீட்டுக்காரர் ஒரு நடமாடும் தீயணைப்பு நிலையம்” என்று ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்வாள். அவளும் டீச்சர்தான். கோட்டூர்புரத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள்.

இப்போது சொல்லப்போவது இந்த வருடம் நடந்தது. அவள் கழுத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் கவலை என்று அடையாறில் பார்த்த டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாலைந்து நாளில் முடிவு வரும், போன் செய்வோம் என்றார்கள்.

அந்த நாலைந்து நாளும் நான் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஊசி போட்ட நர்ஸைப் பற்றி, காத்திருப்பு அறையில் இருந்த மீன்தொட்டியைப் பற்றி, அதில் ஒரே மீன் மட்டும் எல்லா டோக்கனையும் தானே எடுத்து வைத்துக்கொண்டது போல் சுற்றியதைப் பற்றி. அவள் இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. இரவு அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்காமல், “பாத்தா கரைஞ்சிடுமா?” என்றாள்.

முடிவு வரும் என்று சொன்ன நாள் காலையில் நான் லீவு போட்டேன். அவள் பள்ளிக்குக் கிளம்பினாள்.

“வீட்ல இருக்கக் கூடாதா?” என்றேன்.

“வீட்ல இருந்தா அது மட்டும்தான் ஞாபகம் வரும். ஸ்கூல்ல நாப்பது பேர் இருக்காங்க, எதையும் ஞாபகம் வச்சுக்க விடமாட்டாங்க.” பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். “உள்ள போனா போனை ஆபீஸ்ல குடுத்துடணும். அதனால உங்க நம்பர்தான் குடுத்திருக்கேன். பதினோரு மணிக்கு மேல கூப்பிடுவாங்க. எடுத்துக் கேட்டுட்டு நேரா ஸ்கூலுக்கு வாங்க. ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொல்லாதீங்க. நல்லதோ கெட்டதோ, உங்க மூஞ்சியப் பாத்துதான் நான் கேக்கணும்.”

“சரி.”

“ஜோக் அடிக்கக் கூடாது.”

“சரி.”

“போனை மட்டும் கையிலேயே வச்சிருங்க.”

வைத்திருந்தேன். குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். ஒன்பதரைக்கு ஒரு வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். நான் ‘ஹலோ’ சொன்ன விதத்தில் அந்தப் பெண் பயந்து வைத்துவிட்டாள். பத்து மணிக்குமேல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மாதா படத்தின் முன்னால் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல், படம் கொஞ்சம் சாய்ந்திருந்ததை நேராக்கினேன். போன் வருவதற்குள் அடையாறுக்கே போய் டாக்டர் வாசலில் நின்றுவிடலாம், எப்படியும் அங்கிருந்து கோட்டூர்புரம் பக்கம்தான் என்று கிளம்பினேன்.

மந்தைவெளி வரும்போது ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் சிவப்புக்குக் கீழே கிடந்தது. நடுவழியில் நின்றுபோனால் தள்ள வேண்டும். பங்க்குக்குள் திரும்பினேன்.

திரும்புவதற்கு முன் என்ன செய்தேன் என்பதுதான் கதை. இஸ்திரி வண்டி அருகே நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அடுக்கி வைத்த துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா வேறு யாருக்கோ புடவை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலையை மட்டும் அசைத்தார். நானும் அசைத்தேன். உள்ளே போய் வரிசையில் நின்றேன். இருபது வருடமாகச் செய்த வேலை. கை தானாகச் செய்தது. மூளை அடையாறில் இருந்தது.

வரிசையில் ஐந்தாவதாக நின்று, மெஷின் மேல் இருந்த வெளுத்த செல்போன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சட்டைப்பையைத் தொட்டேன். காலி.

வண்டியைத் திருப்பலாம் என்று பார்த்தால் முன்னால் கார், பின்னால் ஆட்டோ, இடப்பக்கம் தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை வண்டி. ஸ்டாண்டைப் போட்டேன். இறங்கினேன்.

“இன்னா சார், வண்டிய வுட்டுட்டு எங்க போற?” என்றார் ஆட்டோக்காரர். “நாங்க இன்னா இங்க பார்க்கிங் டோக்கனா குடுக்கறோம்?”

“ஒரு நிமிஷம்ப்பா, போன்...”

அப்போது அது அடித்தது. என் போனில் நான் வைத்திருக்கும் ஓசை கோயில் மணி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் முழுச் சத்தத்தில் வைத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து டாங் டாங் என்று கேட்டது. வண்டிகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இஸ்திரி அம்மா போனைக் கையில் எடுத்து, எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்துப் பார்த்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்க்குக்குள் ஓடி வர ஆரம்பித்தார்.

“வாத்தியாரே! டாக்டரு! டாக்டரு கூப்புடுது!”

உலகத்தில் வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் எதிரே ஓடியிருப்பான். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

“உள்ள வராத! அங்கயே நில்லு! போனோட உள்ள வராத!”

பங்க்கே திரும்பிப் பார்த்தது. பெட்ரோல் போடும் பெண் பைப்பைப் பிடித்த கையோடு நின்றுவிட்டாள். அவளுக்கு எதிரே ஒருவர் போனை நீட்டி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். காரில் இருந்தவர் போனில் யாரிடமோ மாம்பலம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூலி பேசிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரரின் போன் ஹேண்டில்பாரில் மாட்டி, வழி காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை போன்களுக்கு நடுவில் நின்று ஒரே ஒரு போன் உள்ளே வரக்கூடாது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

இஸ்திரி அம்மா வாசல் கோட்டிலேயே நின்றுவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை அடித்தால் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“அலோ... ஆங், ஆமா... அவரு பெட்ரோல் ஊத்திக்கினு கீறாரு... நானா? நான் அவங்க அக்காதான் பேசுறேன். சொல்லு.”

பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டைக் காலரைத் தேய்க்கும்போது இருக்குமே, அதே முகம். எதுவும் தெரியவில்லை. “ஆங்... ஆங்... சரி” என்று இரண்டு தடவை சொன்னார். ‘சரி’ எந்த மாதிரிச் செய்திக்குச் சொல்கிற ‘சரி’ என்று புரியவில்லை. அப்போது, சம்பந்தமே இல்லாமல், தி.நகரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவரின் முதுகு ஞாபகம் வந்தது. சட்டை முதுகில் வியர்வை ஒரு பெரிய வட்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு என்ன சொல்ல வந்தார்கள், அவர் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்த் திரும்பக் கூப்பிட்டாரா, அந்தப் பக்கம் யாராவது எடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இஸ்திரி அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். உள்ளே வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, தெருவில் காய்கறிக்காரர் கூவுவாரே அந்தக் குரலில் சொன்னார்.

“கேன்சர் இல்லியாம் வாத்தியாரே! மேடத்துக்கு ஒண்ணியும் இல்லியாம்! சாதா கட்டியாம்! சாயங்காலமா வந்து காயிதம் வாங்கிக்கினு போவ சொல்றாங்க!”

நான் ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஒருபக்கமாக, கல்யாண வீட்டில் மாமிகள் உட்காருகிற மாதிரி. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. காரில் இருந்தவர் போனில் இருந்தவரிடம், “இருங்க, இங்க ஒருத்தருக்கு நல்ல சேதி வந்திருக்கு” என்று சொன்னது கேட்டது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். “இன்னா நைனா, நல்ல விசயம் தானே சொல்லிச்சு அந்த அம்மா? அதுக்கு இன்னாத்துக்கு இப்டி அழுவுற?”

“அழலப்பா. பெட்ரோல் வாசனை.”

“அடப்பாவி, நான் நாள் முழுக்க இதத்தான் மோந்துக்கினு கீறேன். எனக்கு ஒரு நாளும் வரலியே.”

இப்போது போனை வாங்கிக்கொள்ளலாம் என்று நான் வாசலுக்கு நடந்தேன். இஸ்திரி அம்மா அதை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். “இந்தா. வெடிக்கல” என்றார்.

உடனே டாக்டரின் எண்ணுக்கு நானே திரும்பக் கூப்பிட்டேன். இஸ்திரி அம்மாவை நம்பாமல் இல்லை. என் காதால் ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது. மறுபக்கம் எடுத்த பெண் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். கட்டி சாதாரணமானது, கவலைப்பட வேண்டியதில்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டினால் போதும். “உங்க அக்காகிட்ட எல்லாம் விளக்கமா சொல்லிட்டேனே சார்” என்றாள். நான் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறேன். பேசி முடித்து நிமிர்ந்து பார்த்தால், மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே சிவப்புக் கோடு போட்ட படம். காதில் போன். என் வரிசை வந்திருந்தது. ஆட்டோக்காரர் என் ஸ்கூட்டரை எனக்காகத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்.

“ஜீரோ பாத்துக்கோங்க சார்” என்றாள் பெட்ரோல் போடும் பெண்.

பார்த்தேன். ஜீரோவாகத்தான் இருந்தது. டேங்கை நிரப்பச் சொன்னேன். முடிந்ததும், வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கறுப்புவெள்ளைக் கட்டத்துக்கு எதிரே போனை நீட்டினேன். கோணலாகப் பிடித்ததால் இரண்டு முறை படியவில்லை. மூன்றாம் முறை அவளே என் மணிக்கட்டைப் பிடித்து நேராக்கினாள்.

கோட்டூர்புரம் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. ஆற்றின் வாசனையைக்கூட அன்றைக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. பள்ளி வாசலில் காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். அவள் படியிறங்கி வந்தாள். கையில் சிவப்புப் பேனா. பாதி தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். எனக்கு இந்த மூஞ்சி சரியான மூஞ்சியா என்று சந்தேகம் வந்துவிட்டது. கண் சிவந்திருக்கிறது, தப்பாக நினைத்துக்கொள்வாள் என்று பயந்து, அங்கிருந்தே சொன்னேன்.

“ஒண்ணும் இல்ல. சாதாரணக் கட்டி. அது இல்ல.”

“ஜோக் இல்லையே?”

“இல்ல.”

அவள் மீதிப் படிகளை இறங்கி வந்து, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள். நான் அருகில் நின்றேன். “டாக்டரே பேசினாரா?” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இஸ்திரி வண்டியிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நடித்தும் காட்டினேன். அவள் முகம் ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது.

“அப்ப எனக்கு முன்னாடி இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“இஸ்திரி அம்மா. ஒரு ஆட்டோ டிரைவர். பெட்ரோல் போடற பொண்ணு. தண்ணி கேன் வண்டி. காருல ஒருத்தர். அவரோட பெயின்டர்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலி ஆட, பேனா கீழே விழ, காவலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவங்க அக்கான்னு சொன்னாங்களா? தப்பில்லை” என்றாள். கட்டியைக் கண்ணாடியில் முதலில் பார்த்த அன்று துணி கொடுக்கப் போனவள், அந்த அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள்.

“ஏன்?”

“நீங்க ஜோக் அடிப்பீங்க.”

மணி அடித்தது, பள்ளி மணி. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மூன்றாம் வகுப்பு, வாய்ப்பாடு.

சாயங்காலம் இரண்டு பேருமாக அடையாறு போய்க் காகிதத்தை வாங்கினோம். இஸ்திரி அம்மா வாசல் கோட்டில் நின்று கூவியதுதான் அதிலும் எழுதியிருந்தது. என் போன் பங்க் வாசலில் அடித்தது, பிறகு உள்ளேயும் பேசினேன், எதுவும் எரியவில்லை. என் மனைவி நன்றாக இருக்கிறாள்.